கியர்பாக்ஸுக்குள் போன சரிவு

பீர்முகமது ஒச்சப்பனைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, ஒச்சப்பன் போடிநாயக்கனூர்ப் பட்டறையின் சிமெண்டுத் தரையில் ஜீப்பை நிறுத்திவிட்டு, இறங்கிக் குனிந்து, பின்சக்கரத்துக்கு அடியில் கல் வைத்துக்கொண்டிருந்தார். கொட்டிய தண்ணீர் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றுவிடுகிற தரை அது. முப்பத்தொரு வருடமாகப் பார்க்கிற காட்சிதான் என்றாலும், அன்றைக்கு ஏனோ கேட்டுவிட வேண்டும் என்று பீர்முகமதுவுக்குத் தோன்றியது.

“ஏன் மாப்ளே, சமதரையில எதுக்குக் கல்லு?”

“சமதரைன்னு ஒனக்கும் எனக்கும் தெரியும் மச்சான். வண்டிக்குத் தெரியுமா?”

ஒச்சப்பன் சட்டைப் பையிலிருந்து இரண்டு மலைவாழைப் பழங்களை எடுத்து ஒன்றைப் பீர்முகமதுவிடம் கொடுத்தார். ரெண்டாவது கியர் போட்டால் வண்டி முனகுகிறது, கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்துவிடு என்றார். ஆயுத பூசைக்கு முன்னால் எல்லாவற்றையும் சரிசெய்து, கழுவி, பொட்டு வைத்துக்கொள்ள வேண்டுமென்று பட்டறை வாசலில் பதினோரு வண்டிகள் வரிசையில் நின்றன. “பூசை கழியட்டும் மாப்ளே, அக்கடான்னு ஒக்காந்து பிரிப்போம்” என்றார் பீர்முகமது. ஒச்சப்பன் தலையாட்டிவிட்டு, வாசல் தூணில் ஆரம்பித்து வேப்பமரம் வரைக்கும், முன்கால் குதியில் பின்கால் விரல் முட்ட, ஒவ்வோர் அடியாக வைத்து நடந்தார்.

“நாப்பத்திரெண்டு” என்றார்.

“என்னத்த அளக்குற?”

“சும்மாதான். எங்கூர்ல இந்த அளவுக்கு ஒரு சமதரை இருந்தாப் போதும் மச்சான், ஒன் தங்கச்சிய வெளிய எறக்கி விட்டுருவேன். தெருவைப் பாத்துப் பத்தொம்பது வருசமாச்சு அவளுக்கு.”

தங்கச்சி என்றது தம் மனைவி சிலம்பாயியை. கல்லை எடுத்து இருக்கைக்கு அடியில் போட்டுக்கொண்டு ஒச்சப்பன் மலையேறிப் போனார். ஒன்பதாம் நாள், தம் வீட்டு வாசலில் ஜீப்பை முதல் கியரில் நிறுத்தி, கல் வைத்து, காப்பி கொதிக்கிற வரைக்கும் சாய்ந்திருக்கிறேன் என்று சொல்லிப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. பூசைக்கு அப்போது இன்னும் இரண்டு நாள் இருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், பீர்முகமது ஜாக்கியையும் ஸ்பானர் சாவிகளையும் இரண்டு சாக்கில் கட்டி ஒரு கழுதைமேல் ஏற்றி, கூடவே பதினோரு கிலோமீட்டர் மலைப்பாதையில் நடந்தார். ஊருக்கு இருந்த ஒரே வண்டி நின்றுபோனதால், ஜீப் வந்த காலத்திலிருந்து வேலையில்லாமல் தின்று கொழுத்திருந்த கழுதைகளின் பேரப்பிள்ளைகளுக்கெல்லாம் மறுபடி வேலை வந்திருந்தது. அதில் அவற்றுக்குத் துளியும் விருப்பமில்லை என்பது நடையிலேயே தெரிந்தது. சாக்குக்குள் சாவிகளோடு ஒரு தகர டப்பாவும் இருந்தது. பீர்முகமதுவின் மனைவி மருதாணிப் பொடி போட்டு வைத்திருந்த டப்பா. மனைவி இறந்தபிறகு, கண் தப்பினால் தொலைந்துவிடுகிற சின்னச் சாமான்களை அதில்தான் பீர்முகமது போட்டுவைப்பார்.

கழுதைமேடு சரிவிலேயே கட்டிய ஊர். மேல்முனையில் சுனை, கீழ்முனையில் லூர்துவின் டீக்கடை, நடுவே நூற்றுப் பதினான்கு வீடுகள், எல்லாமே ஒரே தெரு, அந்தத் தெரு சுவரில் சாய்த்துவைத்த ஏணி போல. அங்கே கட்டிலுக்கு மேட்டுப்பக்கக் கால் இரண்டும் குட்டை, பள்ளத்துப்பக்கக் கால் இரண்டும் நெட்டை; ஆட்களுக்கும் கொஞ்சம் அப்படித்தான் என்று போடியில் கேலி பேசுவார்கள். ஊர்க்கூட்டம் என்றால் மதிப்புள்ளவர்கள் மேட்டுப்பக்கமும் மற்றவர்கள் பள்ளத்துப்பக்கமும் உட்காருவார்கள். வார்டு மெம்பர் குருவையா எட்டு வருடமாக எல்லோருக்கும் மேலே உட்கார்ந்து, தம் பேச்சைக் கீழே ஓடவிட்டுக்கொண்டிருந்தார். யார் கையிலிருந்து எது நழுவினாலும், எலுமிச்சையோ வெங்காயமோ கோலிக்குண்டோ செம்போ, அது தெருவழியே குதித்துக் குதித்து லூர்துவின் கடை வாசலில் போய்த்தான் நிற்கும். லூர்து அதையெல்லாம் பொறுக்கிக் கூடையில் போட்டுவைப்பார். சாயங்காலம் தம் பொருளை எடுக்க வருகிறவர்கள், சும்மா எடுத்துக்கொண்டு போவது மரியாதையில்லை என்று ஒரு டீ குடிப்பார்கள். லூர்துவின் வியாபாரத்தில் பாதி இப்படி ஊராரின் கைநழுவலில்தான் நடந்தது.

தெருவின் நடுவில் இருந்தது ஒச்சப்பன் வீடு. பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் ஏலத்தோட்டத்தில் மரக்கிளை முறிந்து இடுப்பில் விழுந்ததிலிருந்து சிலம்பாயி அந்த வீட்டு ஜன்னலுக்குள்தான் இருந்தாள். ஆஸ்பத்திரிக்கும் திருவிழாவுக்கும் ஒச்சப்பன் தூக்கி ஜீப்பில் உட்காரவைத்துக் கூட்டிப்போவார், அவ்வளவுதான். தேனியில் முகாம் போட்டு அவளுக்குக் கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர சைக்கிள் கொடுத்தார்கள், மாலை போட்டுப் படமும் எடுத்தார்கள். கொடுத்தவர்கள் கழுதைமேட்டைப் பார்த்ததில்லை. அதை வாசலில் இறக்கி வைத்த அன்றைக்கே அது தானாகக் கிளம்பி லூர்துவின் கூடையைத் தேடிப் போய்விட்டது. திரும்பக் கொண்டுவந்து தூணோடு கயிற்றில் கட்டிப் போட்டார்கள். ஏழு வருடமாக அதன் இருக்கையில் கோழிகள் முட்டை இட்டுக்கொண்டிருந்தன.

“வாங்கண்ணே” என்றாள் சிலம்பாயி ஜன்னலிலிருந்து. “நீங்க ஓடைப் பாலத்துல நின்னு மூச்சு வாங்குனது இங்க வரைக்கும் கேட்டுச்சு.”

“வயசாயிருச்சு தங்கச்சி.”

“வயசாயிருச்சுன்னா கழுதை மேல நீங்க ஏறிக்கிட்டு, சாக்க நீங்க தூக்கிருக்கணும்.” சொல்லிவிட்டு, புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “வண்டிய ஓட்ட லூர்து இருக்காரு. நீங்க அந்த முனகல மட்டும் எடுத்துக் குடுங்க. கடைசி ஒரு மாசம் அவரும் முனகுனாரு, வண்டியும் முனகுச்சு, யாரு முனகுறதுன்னு தெரியாமப் போச்சு எனக்கு.”

பீர்முகமது சாக்கை அவிழ்த்து ஜாக்கியை வெளியே எடுத்தார். பூசை கழியட்டும் என்று அவர் தள்ளிப்போட்டது இந்த முனகலைத்தான்.

சரிவில் கியர்பாக்ஸைப் பிரிப்பதில்லை என்பது அவர் நாற்பது வருடமாகக் காத்துவந்த விதி. ஓர் உருளை ஓடிப்போனாலும் வேலை கெட்டது. ஆனால் முதல் கியரில் மாட்டிய வண்டி அசைய மாட்டேன் என்றது. வேறு வழியில்லாமல் அங்கேயே ஜாக்கி கொடுத்து, நான்கு ஆட்களும் ஒரு மூங்கிலும் வைத்துப் பாக்ஸை இறக்கி, வெள்ளை வேட்டியை விரித்து அதன்மேல் வைத்து, மூடியைத் திறந்தார். கறுத்த எண்ணெயில் பித்தளைத் துகள் மினுங்கியது. எரிந்த எண்ணெய் வாடை வர வேண்டிய இடத்தில் மழை நனைத்த பாறையின் வாடை வந்தது. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் அவர் கீழ்த்தண்டை உருவினார். அதற்குள் வரிசையாக நிற்கிற ஊசி போன்ற இருபத்திரண்டு உருளைகளும் ஒரே நேரத்தில் கலகலவென்று தெருவில் கொட்டின.

தொழில் தெரிந்தவர் தொழில் தெரிந்தவர்தான். அவர் கொட்டின இடத்தைப் பார்க்கவே இல்லை. தோள் துண்டை உருவிக்கொண்டு பத்தடி பள்ளத்துப்பக்கம் ஓடி, குந்தி உட்கார்ந்து, துண்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். ஒன்றும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் அகலமாக விரித்தார். அப்போதும் வரவில்லை.

“என்னண்ணே, பிச்சையா?” என்றாள் ஜன்னலிலிருந்து சிலம்பாயி.

இருபத்திரண்டு உருளைகளும் விழுந்த இடத்திலேயே கிடந்தன. பீர்முகமது ஒன்றை விரலால் பள்ளத்துப்பக்கம் சுண்டினார். அது மூன்று விரற்கடை உருண்டு நின்றது. மேட்டுப்பக்கம் சுண்டினார், அதே மூன்று விரற்கடை. அவர் அதை யோசித்துக்கொண்டிருக்கும்போது கீழேயிருந்து லூர்து காலிக் கூடையோடு தெருவில் ஏறி வந்தார்.

“ஒரு மணி நேரமா ஒண்ணும் உருண்டு வரல. ஊரே செத்துப்போச்சான்னு பாக்க வந்தேன்” என்றார். பிறகு தம் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “என்ன பாய், எனக்கு மூச்சே வாங்கல.”

இப்படித்தான் கழுதைமேட்டில் சரிவு போனது. மலை போய்விடவில்லை, கண்ணுக்கு மேடு மேடாகவும் பள்ளம் பள்ளமாகவும்தான் இருந்தது. காலுக்கும் சக்கரத்துக்கும் தண்ணீருக்கும் மட்டும் அது தெரியாமல் போயிற்று. ஏன் என்று யாரும் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. முப்பத்தொரு வருடமாக ஒரு நாளைக்கு மூன்று தடவை ஏறி ஏறி அந்த ஜீப் இந்த மேட்டைத் தின்றிருக்கிறது, தின்றது வயிற்றில்தானே இருக்கும், வயிற்றைத் திறந்தால் வெளியே போகத்தானே செய்யும் என்றார் குருவையா, தம் வீட்டு முருங்கைமரத்தில் காய் பறித்துக்கொண்டே. அதற்குமேல் விளக்கம் ஊருக்குத் தேவைப்படவில்லை.

தேவைப்பட்டவை வேறு. கட்டில்கள் எல்லாம் சாய்ந்துபோயின. மூன்று நாள் ஊர் முழுக்க நெட்டைக் கால்களை அறுக்கிற ரம்பச் சத்தம். இடுப்பை ஒடித்து நடந்தே பழகியவர்கள் நிமிர்ந்து நடக்கத் தெரியாமல் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டார்கள். தண்ணீர்க்குடத்தை இறக்கி வைத்தால் பழக்கத்தில் அதற்கு அடியில் கல் வைத்தார்கள், கல் வைத்ததால் குடம் சாய்ந்தது, சாய்ந்த குடத்தைத் திட்டிக்கொண்டே இன்னொரு கல் வைத்தார்கள். முழங்கால் வலிக்காரர்கள் எல்லோரும் சுனைவரைக்கும் போய்விட்டு, போனதை நம்பாமல் இன்னொரு தடவை போனார்கள். கழுதைகள் நடுத்தெருவில் படுத்து மல்லாந்து புரண்டன. மல்லாந்து புரண்டால் லூர்து கடையில் போய் நிற்க வேண்டியிருக்கும் என்ற பயம் அவற்றுக்குத் தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறது. லூர்துவுக்குத்தான் வியாபாரம் படுத்துவிட்டது. அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய், “எதாச்சும் கீழ விழுந்துச்சா?” என்று கேட்டார்.

கீழே தென்னந்தோப்புக்காரர்கள் ஓடை வரவில்லை என்று ஓர் ஆளை அனுப்பினார்கள். ஓடை நின்ற இடத்திலேயே, மலைமேல் சாய்த்துவைத்த கண்ணாடி போல, மீனும் மேகமும் தெரிய அசையாமல் நின்றது. வந்த ஆள் அதைப் பார்த்தார். “இதப் போய்ச் சொன்னா நான் குடிச்சிருக்கேம்பாங்க. நான் வரவே இல்லைன்னு வச்சுக்கங்க” என்று ஒரு டீ குடித்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

இரண்டாம் நாள் காலையில் சிலம்பாயி பீர்முகமதுவைக் கூப்பிட்டாள். “அண்ணே, அந்தக் கோழிகளக் கொஞ்சம் எழுப்பி விடுறீங்களா?”

அவர் முட்டைகளை எடுத்து வைத்து, கயிற்றை அவிழ்த்து, ஏழு வருடத் துருவை மண்ணெண்ணெயில் கழுவி, சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, அவளைத் தூக்கி உட்காரவைத்தார். அவள் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினாள். சைக்கிள் ஒரு முழம் போய், அங்கேயே நின்றது. போன இடத்தில் நிற்கிறதே என்று அவள் கொஞ்ச நேரம் கையைக் காற்றில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பிறகு மறுபடி சுற்றினாள். அன்றைக்குச் சோற்று வேளைக்குத் திரும்பி வரவில்லை.

பத்தொன்பது வருடமாக அவள் ஊரைக் காதால் மட்டும் வைத்திருந்தாள். இப்போது ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நின்று, தான் வைத்திருந்த ஊரும் இருக்கிற ஊரும் ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்தாள். பெரும்பாலும் ஊர்தான் தப்பாக இருந்தது. “மெம்பரே, நீ கதவு சாத்துற அதிகாரத்துக்கு நான் தேக்குன்னுல்ல நெனச்சேன், தகரமாய்யா?” என்று குருவையாவை நடுத்தெருவில் கேட்டாள். தினமும் சண்டை போடுகிறார்கள் என்று அவள் நினைத்திருந்த இரண்டு அக்கா தங்கைகள் ஒரே தட்டில் பணியாரம் தின்றுகொண்டே கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். “இத்தனை வருசமா ஒங்களுக்காக வருத்தப்பட்டேனேடி” என்று அவர்களிடமிருந்து ஒரு பணியாரத்தை எடுத்துக்கொண்டாள்.

சாயங்காலமானால் அவள் வீட்டு வாசலுக்குத் திரும்பி, சற்றுத் தள்ளி இருக்கிற கொய்யா மரத்தடியில் சைக்கிளை நிறுத்திக்கொள்வாள். பீர்முகமதுவும் போய் நின்று பார்த்தார். மற்ற இடத்திலெல்லாம் குருவையா வீட்டுச் சுவர் மறைக்கும். அந்த மரத்தடிக்குப் போனால் மட்டும், போடியிலிருந்து ஏறி வருகிற பாதை பதினோரு கிலோமீட்டரும், வளைவு வளைவாக, கயிற்றைச் சுருட்டிப் போட்டது போல முழுசாகத் தெரிந்தது. ஓரத்தில் ஒச்சப்பனைப் புதைத்த இடமும் தெரிந்தது.

“சத்தத்த வச்சு எந்த வளைவுல வர்றாருன்னு சொல்லுவேன்” என்றாள் சிலம்பாயி. “பாத்ததில்ல.”

அவள் வீட்டுக்குள் போனபிறகு பீர்முகமது அவள் வீட்டு வாசற்படியில் ஆரம்பித்துக் கொய்யா மரம் வரைக்கும், முன்கால் குதியில் பின்கால் விரல் முட்ட நடந்தார். நாற்பத்திரண்டு.

மதுரையிலிருந்து வர வேண்டிய பல்சக்கரமும் பேரிங்கும் ஐந்தாம் நாளே வந்துவிட்டன. “இருக்கட்டும் பாய், என்ன அவசரம்” என்றார்கள் ஊரார். பீர்முகமதுவும் அவசரப்படவில்லை. பாக்ஸின் உறுப்புகளை எடுத்த வரிசை மாறாமல் வேட்டியில் அடுக்கி, தினம் ஒரு தடவை துடைத்து, துணி போட்டு மூடிவைத்துவிட்டு, லூர்துவின் கடையில் போய் உட்கார்ந்துகொண்டார். வேலையைத் தள்ளிப்போட்டு நல்லது நடந்தது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

பதினோராம் நாள் ஐப்பசி மழை இறங்கியது. அது வந்தது, ஆனால் போகவில்லை. பெய்த தண்ணீர் பெய்த இடத்திலேயே நின்றது. முதல் நாள் கணுக்கால் அளவு, இரண்டாம் நாள் கெண்டைக்கால் அளவு, மூன்றாம் நாள் முழங்கால் அளவு, மலை முழுக்க ஒரே உயரத்துக்கு, ஈரப் போர்வையை இழுத்துப் போர்த்தினது போல. பாத்திரங்கள் மிதந்தன. கழுதைகள் மனம் நொந்து நின்றன. ஏலச்செடிகளின் அடி ஊறிக் கறுக்கத் தொடங்கியது. அந்த ஊரில் எல்லோரும் சாப்பிடுவது அந்தச் செடியை வைத்துத்தான். நான்காம் நாள் குருவையா கூட்டம் போட்டார்.

கூட்டம் ஆரம்பிக்கவே அரை மணி நேரம் ஆனது. மெம்பர் மேட்டுப்பக்கம் உட்கார வேண்டும். மேட்டுப்பக்கம் எது என்று காலுக்குத் தெரியவில்லை. கண்ணால் பார்த்து முடிவு செய்யலாம் என்றால், முழங்கால் தண்ணீரில் எல்லோரும் நின்றுகொண்டுதான் இருக்க வேண்டியிருந்தது. “நீ எங்க நின்னாலும் மெம்பர்தான்யா, பேசு” என்றார் லூர்து.

“பாக்ஸ மாட்டிரணும் பாய்” என்றார் குருவையா. “மழை இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. இப்படியே போனா செடியும் அழுகிரும், நாமளும் அழுகிருவோம். மாட்டணும்ங்கறவங்க கையத் தூக்குங்க.”

கைகள் மெதுவாகத்தான் எழுந்தன. தூக்குகிறவர்கள் எல்லோரும் கூட்டத்தின் ஓரத்தில், சக்கரங்கள் தண்ணீருக்குள் மறைய, இருக்கை மட்டும் தெரிய உட்கார்ந்திருந்த சிலம்பாயியைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டே தூக்கினார்கள். முழங்கால் வலிக்காரர் ஒருவர் கையைத் தூக்கி, இறக்கி, மறுபடி தூக்கினார். சிலம்பாயி எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

“என்னத்துக்கு என் மூஞ்சியவே பாக்குறீங்க? தண்ணி போக வேணாமா?” என்று தன் கையையும் தூக்கினாள். தூக்கின கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது.

திரும்பும்போது பீர்முகமது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். தண்ணீரில் கைப்பிடியைச் சுற்ற முடியவில்லை.

“பத்துப் பன்னெண்டு நாள் சுத்தியாச்சுண்ணே. ஊர்ல பாக்க வேண்டியதெல்லாம் பாத்தாச்சு. ஒண்ணும் பெருசா இல்ல” என்றாள். கொய்யா மரத்தைக் கடக்கும்போது மட்டும் கழுத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் மழை சற்று விட்டபோது பீர்முகமது ஜீப்புக்கு அடியில் பலகை அடுக்கி, தார்ப்பாய் கட்டி, வேலையைத் தொடங்கினார். முதலில் ஊசி உருளைகளைக் கிரீஸில் புதைத்து வரிசையாக நிறுத்தி, அவை விழுந்துவிடாமல் மூங்கில் துண்டு ஒன்றை நடுவில் செருகி, கீழ்த்தண்டை உள்ளே விட்டார். தெருவின் கீழ்முனையில் சளசளவென்று ஒரு சத்தம். லூர்து கடை வாசலில் தண்ணீர் நகரத் தொடங்கியது. புதுப் பல்சக்கரத்தைக் கோத்து மேல்தண்டை ஏற்றினார். சுனைப்பக்கம் ஓடை விழித்துக்கொண்டு, நின்ற பதினைந்து நாளுக்கும் சேர்த்து இரைந்து ஓடியது. ஒவ்வொரு உறுப்பும் அதனதன் இடத்தில் உட்கார உட்கார, சரிவு ஊரின் இரண்டு முனையிலிருந்தும் நடுவை நோக்கி வீடு வீடாக வந்தது. கால் அறுத்த கட்டில்கள் ஒவ்வொன்றாக மறுபக்கம் சாய்ந்தன, வீடு வீடாக வசவு கேட்டது, மிதந்த பாத்திரங்கள் கூட்டம் கூட்டமாக லூர்துவை நோக்கிப் புறப்பட்டன. “வருது, வருது” என்று லூர்து கூடையோடு நடனம் ஆடினார்.

கடைசியாக ஷிம்கள் மிஞ்சின. முன்பேரிங்குக்குப் பின்னால் போடுகிற, காகிதம் போல மெல்லிய மூன்று இரும்பு வளையங்கள். பல்லுக்குப் பல் இடைவெளி சரியாக இருப்பதும் வண்டி சத்தம் போடாமல் ஓடுவதும் அவற்றால்தான். பீர்முகமது கட்டின பாக்ஸ் சத்தம் போடாது என்று போடியிலிருந்து மூணாறு வரைக்கும் பேர். ஒரு ஷிம் போட்டார். குருவையா வீட்டு வாசலில் தண்ணீர் வடிந்தது. இரண்டாவது போட்டார். பக்கத்து வீட்டு வாசல் வடிந்தது. மூன்றாவதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஜீப்புக்கு அடியிலிருந்து வெளியே வந்தார்.

ஊர் முழுக்கச் சரிந்து ஓடிக்கொண்டிருந்தது. சிலம்பாயி வீட்டு முன்னால் மட்டும் தண்ணீர் ஓடாமல், ஓரத்தில் வடிந்துபோனது போக மிச்சம், கணுக்கால் ஆழத்தில் நின்றது. அவர் வாசற்படியில் தொடங்கி அடி வைத்து நடந்தார். நாற்பத்தொன்றில் கால் சறுக்கியது. கொய்யா மரம் இன்னும் ஓரடி தள்ளி இருந்தது. அந்த இடத்திலிருந்து பார்த்தால் குருவையா வீட்டுச் சுவர்தான் தெரிந்தது.

அவர் மறுபடி ஜீப்புக்கு அடியில் போய், முன்மூடியின் ஒரு போல்ட்டைக் கால் சுற்றுத் தளர்த்தினார். வெளியே வந்து நடந்தார். நாற்பத்திரண்டு. கொய்யா மரத்தில் கை ஊன்றி நின்றார். பாதையின் வளைவுகள் எல்லாம், மழைக்குப் பிறகு, கழுவி வைத்தது போலத் தெரிந்தன.

மூன்றாவது ஷிம்மை மருதாணி டப்பாவில் போட்டு மூடினார்.

மறுபடி நான்கு ஆட்களும் ஒரு மூங்கிலும் வைத்துப் பாக்ஸை ஏற்றி மாட்டி, வண்டியைக் கிளப்பி லூர்துவை ஓட்டச் சொன்னார்கள். முதல் கியரில் கிளம்பிய ஜீப் மேலே சுனைப்பக்கம் திரும்பி, இரண்டாவது கியர் விழுந்ததும், பழையபடி நீளமாக முனகியது.

“என்ன பாய், அதே முனகல்” என்றார் குருவையா. “பத்துப் பதினஞ்சு நாளு எங்க ஊரைப் படாத பாடு படுத்திட்டு, முனகலக் கூடவா எடுக்கத் தெரியல? கீழ ஒரு சொட்டு எண்ணெயும் கசியுது.”

“ஆமா, வயசாயிருச்சு” என்றார் பீர்முகமது.

சிலம்பாயி ஜன்னலில் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு வாசலைப் பார்த்தாள். கயிறு கட்ட மறந்துபோன மூன்று சக்கர சைக்கிள் விட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. ஒரு கோழி அதன் இருக்கையை மறுபடி பிடித்துவிட்டிருந்தது. அவள் சைக்கிளைப் பார்த்தாள், பீர்முகமதுவின் கையில் இருந்த டப்பாவைப் பார்த்தாள்.

“முனகல் போகலையேண்ணே.”

“போகாது தங்கச்சி.”

“எம்புட்டுத் தூரத்துக்கு?”

“கொய்யா மரம் வரைக்கும்.”

அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். “அந்தக் கோழிய எழுப்பி விட்டுட்டுப் போங்க” என்றாள்.

குருவையா ஒரு வாரம் கழித்து அதைக் கண்டுபிடித்து, பொதுச் சமதரை என்றால் அது மெம்பர் வீட்டு முன்னால்தான் இருந்திருக்க வேண்டும் என்று மனு எழுதினார். மனுவை எங்கே கொடுப்பது என்று தெரியாமல் சட்டைப் பையில் வைத்திருந்து, சட்டையோடு துவைத்துவிட்டார். போடியில் மற்ற மெக்கானிக்குகள், பீரண்ணன் கட்டின பாக்ஸ் முனகுதாமே என்று இரண்டு மூன்று வருடம் சிரித்தார்கள். ஜீப் இன்றைக்கும் மூன்று நடை போய் வருகிறது. அந்தச் சமதரையில் நிறுத்தும்போதும் லூர்து இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கல் வைக்கிறார். கல் அதே கல்தான். ரெண்டாவது கியரின் முனகல் மேலிருந்து ஏழாவது வளைவில் கேட்கும்போது சிலம்பாயி கைப்பிடியைச் சுற்றினால், ஜீப் ஆறாவது வளைவுக்கு வருவதற்குள் கொய்யா மரத்தடிக்குப் போய்விடலாம்.

மழை பெய்தால் அந்த நாற்பத்திரண்டு காலடியில் மட்டும் தண்ணீர் நின்றுவிடும். அதற்கென்று சைக்கிளின் பின்னால் ஒரு விளக்குமாறு கட்டியிருக்கிறது.